வெற்று வட்டம்

மறுபடியும் ஒரு படி மேலே போட்டுவிட்டாள்.

ரப்பரை எடுத்தாள். தேய்த்துத் தேய்த்து கிராஃப் தாள் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது.

மீப்பெரு முழு எண் சார்பு. பெயர் மட்டும் ஜமீன் கணக்கில் இருக்கிறது. 2.7 கொடுத்தால் 2 தருமாம். 2.99 கொடுத்தாலும் அதே 2. வரைந்தால் படிக்கட்டு வர வேண்டும். அவளுக்கும் படிக்கட்டுதான் வருகிறது, எல்லாம் ஒரு படி கூடுதல் உயரத்தில். ஸ்டெல்லா டீச்சர் அத்தனையையும் சிவப்பு மையில் அடித்திருந்தார்.

இரண்டு முடிந்து மூன்று நடக்கிறதே, அப்புறம் எப்படி இரண்டு?

எரிச்சலாக வந்தது. நாளை தேர்வு. இன்றைக்குப் பார்த்து வீட்டில் ஆட்கள்.

பட்டுப்புடவை ஜரிகை இடுப்பில் குத்தியது. கூடத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். சித்திரையில் கல்யாணமாம். படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

"பொண்ணுக்கு வயசு என்னங்க?" மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பதினெட்டு நடக்குதுங்க," என்றார் அப்பா.

பென்சில் நின்றது.

நடக்கிறது.

இந்த வீட்டில் யாரும் முடிந்த வயதைச் சொன்னதே இல்லை. ஒன்றரை வயது அக்கா மகனுக்கு இரண்டு நடக்கிறது. அவளும் அப்படியே எண்ணிப் பழகிவிட்டாள். இந்தச் சார்பு முடிந்ததை மட்டும்தான் எண்ணும்.

விறுவிறுவென்று வரைந்தாள். பதினேழில் அடைத்த புள்ளி. அங்கிருந்து ஏறாமல், இறங்காமல், பதினெட்டு வரை ஒரே கோடு. பதினெட்டில் வெற்று வட்டம்.

சட்டம் கேட்கும் பதினெட்டு அவளுக்கு நிறைவது ஆவணியில். சித்திரை வட்டத்துக்கு இந்தப் பக்கமே விழுந்தது.

இவ்வளவுதானா என்று தன்மேலேயே கோபம் வந்தது. பிறகு கோபம் கூடத்தின் பக்கம் திரும்பியது.

அம்மா காபித் தட்டை நீட்டினாள். "தலையக் குனிஞ்சுக்கிட்டே போ."

போனாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "பதினெட்டா கண்ணு உனக்கு?"

நிமிர்ந்தாள்.

"பதினேழுங்க. ஆவணி வரைக்கும் பதினேழுதான்."

அப்பா அவளைப் பார்த்தார். மற்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பஞ்சாகிப்போன இடத்தை விட்டுவிட்டுப் புதுத் தாளில் தொடங்கினாள். 2.7-க்குக் கோடு இரண்டின் உயரத்தில் சரியாக உட்கார்ந்தது.

கூடத்தில் யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

அவள் அடுத்த படியை வரைந்தாள்.