வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு மாண்டலின்

"எட்டுக் கம்பியா இருக்கு? நான் நாலுன்னுல்ல நெனச்சேன்" என்றான் பழனிக்குமார், மாண்டலினை மடியில் கோணலாக வைத்துக்கொண்டு.

எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டனிராஜுக்கு வயிறு எரிந்தது. ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி என்பதுகூடத் தெரியாத ஒருத்தன் மடியில் தன் மகனின் மாண்டலின் கிடக்கிறது. அதற்குப் புதுக் கம்பி வேறு போட்டு வைத்திருந்தாள் அவர் மனைவி ரோஸ்மேரி.

மகன் பிரிட்டோ அதை வாசித்தால், மேட்டுப்பட்டி கோயிலில் பூசை முடிந்த பிறகும் சனம் எழுந்து போகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு ரோட்டில் பைக்கில் போனவன், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் வீடு திரும்பினான். அங்கே டாக்டர்கள் நீட்டிய காகிதங்களில் ரோஸ்மேரிதான் கையெழுத்துப் போட்டாள்; எதற்கெல்லாம் என்று ஆண்டனிராஜ் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பூட்டுக் கடைக்காரர் மகனின் அடக்கத்துக்கு அதிகாரிகள் மாலையோடு வந்து மரியாதை செய்ததைத் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசி என்ன ஆகப்போகிறது, பிள்ளை போனது போனதுதான்.

கோயில் பாட்டுக் குழுவிலிருந்து எத்தனையோ பேர் மாண்டலினைக் கேட்டு வந்தார்கள். நன்றாக வாசிக்கிறவர்கள்தான். ரோஸ்மேரி பெட்டியைத் திறந்துகூடக் காட்டவில்லை.

அப்படிப்பட்டவளிடம் பூக்காரி சிவனம்மாள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அவள் ஊரான சாணார்பட்டியில் கரும்புச்சாறு மிஷினில் சிக்கிக் கை துண்டாகிப்போன ஒருவன் இருக்கிறானாம். கேட்ட மறுநாளே ரோஸ்மேரி, மாண்டலின் தருகிறேன், அவனை வரச் சொல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏன் என்று ஆண்டனிராஜ் எத்தனை தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

வந்தவன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பித்தான் மாட்டியிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஆபரேஷன் ஆனதென்றும், இடது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றும், விரலுக்கு ஓயாமல் வேலை கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றும் கூச்சத்தோடு சொன்னான். விரலுக்கு வேலைதானே வேண்டும், பூக் கட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், என் பிள்ளையின் மாண்டலின்தானா கிடைத்தது என்று ஆண்டனிராஜ் மனசுக்குள் பொருமினார்.

பழனிக்குமார் மறுபடி மீட்டினான். விரல் ஓரிடத்தில் அழுத்த, கம்பி வேறெங்கோ கரகரத்தது. சட்டென்று நிறுத்திவிட்டு இடது கை விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, கம்பி குத்துறது தெரியுது."

ரோஸ்மேரி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள். "வலிக்குதா தம்பி?"

"லேசா. சுண்டுவெரல்ல கூடத் தெரியுதும்மா. முந்தியெல்லாம் சூடு பட்டாக்கூடத் தெரியாது."

அவள் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான், முன்னைவிட மோசமாக. அவளோ குனிந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கரகரப்பு காதில் விழுந்தால்தானே எழுந்து போவாள் என்று ஆண்டனிராஜ் நினைத்தார்.

அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"வேணாம் ரோஸு. நாளைக்கு இவன் வீட்டுல இது தூசி அடைஞ்சு ஆணியில தொங்கும். பிரிட்டோவோடதுன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"இல்லங்க" என்று மட்டும் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். ஆண்டனிராஜும் பின்னாலேயே போனார். பெற்றவளுக்கே மனசு வந்துவிட்ட பிறகு நாம் என்ன செய்ய என்று சுவரில் சாய்ந்து நின்றார்.

பழனிக்குமார் மாண்டலினைப் பெட்டியில் பத்திரமாக வைத்து மூடினான். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். ரோஸ்மேரி வாங்கவில்லை. இம்புட்டு அருமையான பொருளைச் சும்மா தூக்கிக்கொண்டு போக மனசு ஒப்பவில்லை, ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவன் விடாமல் கெஞ்சினான்.

"பணம் வேணாம் தம்பி. வேற ஒண்ணு கேக்குறேன், தட்டாம குடுப்பியா?"

"கேளுங்கம்மா."

ரோஸ்மேரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் வைத்திருந்த இடது கையைப் பார்த்தபடி கேட்டாள்.

"என் மகன் கைய செத்த நேரம் புடிச்சுக்கவா?"