எதிரணிக்கு ஓர் அர்ச்சனை

தொலைக்காட்சியில், அடிபட்ட பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். மலேசியாவில், பெர்மாஸ் ஜெயா மாமாக் சாப்பாட்டுக் கடையில் லோகேஸ்வரன் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடித்தது அவருடைய மகன் ரூபேந்திரன். ஜொகூரில் பள்ளிக்காக ரக்பி ஆடியவன், அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் அந்த ஊர் ஃபுட்பாலில் லைன்பேக்கர் ஆகிவிட்டான். பந்தோடு வருகிறவனை மோதிச் சாய்க்க வேண்டும், அதுதான் உத்தியோகம். சின்ன வயதில் அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவிட்டால் பிரம்பைத் தூக்கிய அப்பா, இப்போது "எப்படிச் சாய்ச்சான் பார்த்தீங்களா?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இந்தத் தடவை கதை வேறு. டைலர் என்ற அந்தப் பையன் பந்தை வீசி முடித்த பிறகு, விதியை மீறி அவன் தலையில் போய் மோதியிருக்கிறான் ரூபேந்திரன். டைலருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. வேண்டுமென்றே அடித்தான் என்று முடிவானால் ரூபேந்திரனின் ஆட்டம் அத்தோடு சரி. வியாழக்கிழமை விசாரணை.

அம்மா சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, போய் மன்னிப்புக் கேள் என்றாள். வாயைத் திறக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம், அதனால் முடியாது என்றான் அவன். கணவரோ, விளையாட்டென்றால் அடிபடாமலா இருக்கும் என்றார். அப்பனும் பிள்ளையும் கல்நெஞ்சுக்காரர்கள் என்று மனசுக்குள் வைதாள்.

மறுநாள் சாயங்காலம் அவரே வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு, கோயிலுக்குப் போலாம்" என்றார்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், ரூபேந்திரன் பெயருக்குத்தானே என்று கேட்டார்.

"இல்ல சாமி, டைலர்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரியில கிடக்கிறான். நட்சத்திரம் தெரியாது. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே?"

குருக்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று பேசிக்கொண்டார்கள். சந்திரமதிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டாள்.

அவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டே, மறு கையால் அர்ச்சனையைக் கைப்பேசியில் படம் பிடித்தார். பிடித்ததை உடனே யாருக்கோ அனுப்பினார்.

"அந்தப் பையனோட அம்மாவுக்காங்க?" என்று மெல்லக் கேட்டாள் சந்திரமதி.

"அவங்களுக்கு எதுக்கு? நம்ம வக்கீலுக்கு."

அதற்குள் பதில் வந்துவிட்டது. படித்துப் பார்த்துவிட்டுக் குருக்களைக் கூப்பிட்டார்.

"சாமி, பேரு தெளிவா கேக்கலையாம். இன்னொரு தடவை சத்தமா சொல்லி கற்பூரம் காட்டுங்க. சந்திரா, நீ கண்ணைத் துடைச்சிடாதே."