கரைக்கு ஒருத்தி

"அக்கா, வெள்ளிக்கெழமைக்குள்ள சந்தியா உங்கிட்ட பழகியாவணும். அதுக்கு மேல எனக்கு நாள் இல்ல," என்றாள் எல்லம்மா, சேலையைத் தூக்கிச் செருகியபடி.

ஜமுனா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் தரையும் பாத்திரமும் கழுவிக் கழுவி, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. கடலை ஒட்டிய உப்பு ஏரியில் இறங்கிச் சேற்றைத் துழாவினால் இறால் கைக்கு வந்துவிட்டு நழுவிப் போகிறது. உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல் வேறு.

ஏரியில் இறங்கும் பெண்களில் தினம் ஒருத்தி கரையில் நின்று எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடித்ததில் அவளுக்கும் சரி பங்கு. அது அந்த ஊர் வழக்கம். இந்த வாரம் முழுக்க ஜமுனாவையே கரையில் விடும்படி எல்லம்மா மற்றவர்களிடம் கேட்டு வாங்கியிருந்தாள். எல்லாம் சந்தியாவுக்காகத்தான்.

"என்னை ஒண்ணும் கூப்புட மாட்டேங்குதுடி. 'தோ'ன்னுது. நாயைக் கூப்புடற மாதிரி," என்றாள் ஜமுனா.

"போகப் போக சரியாயிடும். எறால் தலையோட குடுத்தா துன்ன மாட்டா, கிள்ளிட்டுக் குடு. தூங்கறப்போ காதைப் புடிச்சிக்குவா. உதறிடாத."

"இதெல்லாம் நேத்தே சொல்லிட்ட."

"நாளைக்கும் சொல்லுவேன். கேட்டுக்கோ."

எல்லம்மா இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் மண்டியிட்டு மற்ற பெண்களோடு நகர்ந்து போனாள். பறி வாயில் இருந்தால் பேச முடியாது. அதுவும் நல்லதற்குத்தான், தங்கையின் கண் கலங்கியிருந்ததை ஜமுனா பார்த்துவிட்டாள்.

சின்னப் பிள்ளைகள் நான்கும் வேலிக்காத்தான் நிழலில் சிப்பி வைத்து விளையாடின. சந்தியா மட்டும் தனியாக, ஜமுனாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சோறு துன்னலாமா கண்ணு?"

சந்தியா ஒரு சிப்பியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள்.

"குவைத்து சாக்லேட் கீது. வேணுமா?"

கை மட்டும் பின்னால் நீண்டது. வாங்கிய சாக்லேட்டைப் பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்தாள். ஆடு காகிதத்தோடு தின்றது.

ஜமுனாவுக்குச் சலிப்பாக இருந்தது. உடம்பு ஊருக்கு வந்தும் தூக்கம் இன்னும் குவைத்திலேயே இருந்தது. விடியற்காலையில் "வர்றேன் மாமா" என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்த வீட்டு எஜமானியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். சொந்தப் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு, அங்கே மூன்று பிள்ளைகளுக்கு ஊட்டித் தாலாட்டினாள். மூன்றும் இவள் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்கும். இங்கே ஒரு வாய் சோறு ஊட்ட வழியில்லை. இந்தப் பிள்ளை தன்னை ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

"நான் அம்மாகிட்ட போறேன்," என்று திடீரென்று எழுந்தாள் சந்தியா.

"அம்மா தண்ணில கீறா. இரு, வந்துடுவா."

அதற்குள் சிறுமி சேற்றில் இறங்கி ஓட ஆரம்பித்திருந்தாள். ஜமுனா பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள். ஒரு காலத்தில் இந்தக் கரையில் எங்கே கெட்டித் தரை, எங்கே புதைசேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இப்போது பத்தாவது அடியிலேயே கால் முட்டி வரை புதைந்தது. இழுத்தால் வரவில்லை. மறு காலை ஊன்றப் போய், முகம் குப்புற விழுந்தாள்.

எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு, வாய், தலை எல்லாம் கறுப்புச் சேறு. எழுந்திருக்கத் தெம்பில்லை. இப்படியே இங்கேயே கிடந்துவிடலாம் போலிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் போன சந்தியா திரும்பிப் பார்த்தாள். முதலில் களுக்கென்று சிரித்தாள். பிறகு கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"அங்க கால் வெக்காத. பொதையும்."

"வேற எங்க வெக்கறது?"

"நான் வெச்ச எடத்துல வெய்யி. உனக்கு ஒண்ணுமே தெர்ல."

"ஆமாண்டி கண்ணு. எல்லாம் மறந்துபோச்சு."

ஐந்து விரலும் சேறான அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ஜமுனா ஒவ்வோர் அடியாகக் கரையேறினாள். கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, இறாலின் தலையைக் கிள்ளிவிட்டுச் சோற்றோடு உருட்டி நீட்டினாள். சந்தியா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

தூரத்தில் எல்லம்மா துழாவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அன்று அவள் பறியில் இறால் குறைவாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து சந்தியா ஜமுனாவின் வீட்டில், அவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஜமுனா பெரிய பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். சந்தியா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லம்மா குனிந்து, சந்தியாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"அக்கா, எம் பொண்ணு..." என்று ஜமுனாவின் கையைப் பிடித்தாள்.

"எம் பையன் பிரவீனை ஒம்பது வருஷம் நீ வளத்தியே, உம் பொண்ணை நான் வளக்க மாட்டனா? ஏறு," என்றாள் ஜமுனா. "குவைத்துல எறங்கினதும் போன் பண்ணு."