தனக்குத் தானே

பாபநாசத்து வீட்டில் காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் எல்சிக்கு இடுப்பு ஒடிந்தது. கம்பெனியின் புது சர்வரைத் திறந்தாலே, 'இதை நம்ப வேண்டாம்' என்று திரை சிவந்தது.

"அதோட சான்றிதழை உங்க மெஷின்ல ஏத்திட்டா சரியாயிடும் மேடம்," என்றான் சென்னை ஆபீஸிலிருந்து போனில் ஜோசப்ராஜ்.

"அதுல கையெழுத்து யாருது?"

"சர்வரே தனக்குத் தானே போட்டுக்கிட்டதுதான்."

"அப்ப முடியாது. தலைமை ஆபீஸ் கையெழுத்தோட அனுப்புங்க."

கெஞ்சினான், எரிந்து விழுந்தான். அவள் மசியவில்லை. பொழுது சாயும்போது புதுச் சான்றிதழ் வந்தது. அலுப்போடு ஏற்றினாள், சிவப்பு மறைந்தது.

காபியோடு வந்த அப்பா சவரியப்பன் சிரித்தார். "ஒரு மெஷினுக்கா இத்தனை விசாரணை?"

"தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிட்டா எப்படிப்பா நம்புறது?"

"சரி, சீக்கிரம் படு. தடை இருந்தா சொல்லுங்கன்னு நாளைக்குக் கோயில்ல உன் கல்யாண ஓலையை மூணாவது தடவை வாசிக்கிறாங்க. குவைத் மாப்பிள்ளை மேல இதுவரைக்கும் யாரும் தடை சொல்லலை."

"நம்ம ஊர்ல அவரை யாருக்குப்பா தெரியும்?" கேட்ட பிறகுதான் எல்சிக்கே உறைத்தது. "அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகலைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

சவரியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளைதாம்மா."