சர்க்கரை வேலை செய்யவில்லை

"அண்ணா, கையில என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க. சர்க்கரை வேலை செய்யலை!"

போனில் அவள் போட்ட சத்தத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் பதறிப்போனார்.

"எந்தச் சர்க்கரைம்மா?"

"மேனேஜர் கம்ப்யூட்டர்ல இருக்கே, அந்த ஆட்-இன். ஸ்கிரீன் மேல மஞ்சளா ஒரு பட்டை வந்து நிக்குது. பாதுகாப்புக் காரணமா தடுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. அவர் லெட்டர் அடிக்க ஆரம்பிச்சுட்டார்ணா. என் வேலையே போயிடும்!"

விஷயம் இதுதான்.

அந்த ஃபர்னிச்சர் கம்பெனி மேனேஜருக்கு ஆபீஸ் வைத்த பேர் பட்டாசு. வாயைத் திறந்தால் வெடிதான். ஒரு காலத்தில் அவர் எழுதும் கடிதங்களும் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. புகார் மேல் புகார் போக, தலைமை அலுவலகம் அங்கிருந்தபடியே அவர் கம்ப்யூட்டரில் ஆட்-இன் என்கிற ஒரு குட்டி இணைப்பு மென்பொருளை ஏற்றிவிட்டது. அவர் எவ்வளவு காரமாக டைப் செய்தாலும் அது இதமாக மாற்றிக் கொடுத்துவிடுமாம். அதற்கு ஆபீஸ் வைத்த பேர் சர்க்கரை.

அன்றிலிருந்து அவர் வாய் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம். போன மாதம் டிரைவர் லீவு கேட்டபோது, "நீ வீட்டுல படுத்துக்கோ, நான் போய் லாரி ஓட்டறேன்!" என்று எரிந்து விழுந்தார். சாயங்காலம் வந்த கடிதத்திலோ, 'குழந்தைக்குக் காய்ச்சல் நன்றாக விட்ட பிறகு வந்தால் போதும்' என்று இருந்தது.

"அந்த மெஷினுக்கு இருக்கற மனசு இந்த மனுஷனுக்கு இல்லையே" என்று டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மாட்டிக்கொண்டு போன் செய்தவள், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கிளார்க். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நேற்று லேபிளை மாற்றி ஒட்டித் தொலைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கட்டில்கள் சினிமா தியேட்டரில் போய் இறங்கிவிட்டன. தியேட்டர் நாற்காலிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

"பேஷன்ட் எல்லாம் உட்கார்ந்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணிக்கணுமா? கண்ணைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?" என்று காலையிலேயே பட்டாசு வெடித்துவிட்டது. "ஹெட் ஆபீசுக்கு எழுதறேன் பாரு!" என்று உள்ளே போனவர் கீபோர்டைத் தட்டிய தட்டு வாசல் வரை கேட்டது.

தன் கம்ப்யூட்டர் பக்கம் அவர் யாரையும் அண்ட விடமாட்டார். கையெழுத்து வாங்குகிற அவசரத்தில் இன்று முதல் தடவையாக மேஜையைச் சுற்றிக்கொண்டு போனவள், அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டாள். சர்க்கரை இல்லாமல் அந்தக் கடிதம் போனால் அவள் கதி அதோ கதிதான்.

சிஸ்டம்காரர் மூச்சு வாங்க வந்து உள்ளே நுழைந்தார்.

"உன்னை யாருய்யா கூப்பிட்டது?"

"இல்ல சார், ஏதோ ஆட்-இன் பிளாக் ஆகியிருக்குன்னு..."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். மேனேஜர் மவுஸை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

போச்சு. அனுப்பியே விட்டார். சிஸ்டம்காரர் இன்னும் கீபோர்டைத் தொடக்கூட இல்லை.

அவள் டிராயரைத் திறந்து தன் சாமான்களை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, குடை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"உங்க மேனேஜர் லெட்டர் வந்துச்சும்மா" என்றது ஒரு பெண் குரல்.

"மேடம், நான் இன்னைக்கே..."

"இரும்மா, முழுசாக் கேளு. லோடு கிளம்பறதுக்கு முன்னாடி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவராம். அதனால தப்பு அவரோடதாம். நீ நல்லா வேலை செய்யற பொண்ணு, நிரந்தரம் பண்ணிடுங்கன்னு எழுதியிருக்கார். சீக்கிரமே ஆர்டர் வரும்."

போனை வைத்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளியே வந்த சிஸ்டம்காரரிடம் ஓடினாள்.

"அண்ணா, நீங்க தெய்வம்! எப்படி அதுக்குள்ள சரி பண்ணீங்க?"

"நான் எங்கம்மா பண்ணேன்?" சிஸ்டம்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பாதுகாப்பு செட்டிங் முன்பின் தெரியாத எதையும் உள்ள விடாது. அந்த ஆட்-இன்னை வந்த அன்னைக்கே தடுத்து நிறுத்திடுச்சு, ஸ்கிரீன்ல தேதியே இருக்கு. அது இதுவரைக்கும் ஒரு நாள்கூட ஓடலை."

"அப்போ... டிரைவருக்கு வந்த லெட்டர்?"

"எல்லாம் இவரே எழுதினதுதான். சரி பண்ணித் தரேன் சார்னேன். மனுஷன் பதறிட்டார். 'கையை எடுய்யா! நான் மாறிட்டேன்னு சொன்னா இங்க எல்லாரும் சிரிப்பாங்க. மெஷின்தான் எழுதுதுன்னே இருந்துட்டுப் போகட்டும். வெளிய மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்'னார். நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

இத்தனை நாள் நன்றியை எல்லாம் ஒரு மெஷினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து பட்டாசு வெடித்தது.

"அங்க என்ன மாநாடு நடக்குது? தியேட்டர்ல கிடக்கற கட்டிலை எல்லாம் நான் போய்த் தலையில தூக்கிட்டு வரணுமா?"

"ஐயோ, இதோ லாரியை அனுப்பிடறேன் சார்!" என்று ஓடினாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, நடுநடுங்கிப் போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.