எரிமலைக் கல்

ஹம்பேர்க்கில் பலசரக்குக் கடை நடத்தும் தம்பித்துரை, ஹவாய்த் தீவுக்குச் சுற்றுலா போனபோது ஒரு கறுப்புக் கல்லை வாங்கி வந்து கல்லாவுக்கு மேல் வைத்திருந்தார். மந்திரக் கல் என்று சொல்லித்தான் தீவுக்காரர் ஒருவர் அதை அவருக்கு விற்றார்.

ஒருநாள் காலை, கலேயோ என்ற ஹவாய் இளைஞன் கடைக்கு வந்து அந்தக் கல்லைக் கேட்டான்.

"எங்கள் எரிமலைத் தாயின் கல் இது. ஆசைப்பட்டு எடுத்தால் சாபம் விடாது."

தம்பித்துரையின் மனைவி சுலோஜனா பதறினாள். "இஞ்சாருங்கோ, குடுத்துவிடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஏலாது! இது வந்தாப் பிறகுதான் ரெண்டாவது கடை திறந்தனான். அந்த அதிர்ஷ்டத்துக்குத்தான் இவரும் ஆசைப்படுறார்."

அதையே அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் கலேயோ இல்லையென்று தலையசைத்தான்.

"உங்களுக்கு எதுவும் வராது. சாபம் விற்றவருக்குத்தான். பன்னிரண்டு கல் விற்றவர், இப்போது படுத்த படுக்கை. பதினொன்றைத் தேடிப் பிடித்து மலையில் வைத்துவிட்டேன். நீங்கள் கொடுத்த விலாசம் அவரிடம் இருந்தது."

"அவருக்காக நீர் ஏன் தம்பி இவ்வளவு தூரம் அலையிறீர்?"

"அவர் என் அப்பா."

தம்பித்துரை கல்லை எடுத்துத் துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.