டிவி பேசமாட்டேங்குது

"ஒரு வாரமா டிவி பேசமாட்டேங்குது தம்பி" என்றார் ரிடையரான கணக்கு வாத்தியார்.

மெக்கானிக் ரிமோட்டை வாங்கி அழுத்தினான். செய்தி வாசிப்பவள் அலறினாள்.

"நல்லாத்தானே பேசுது சார்?"

"இது ஊருக்கே பேசுறது. எங்கிட்ட பேசல."

மறை கழன்ற கேஸ் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். ரீசெட் செய்தான். வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசியா யாரு சார் இதுல கை வச்சது?"

"தங்கச்சி பையன் வந்திருந்தான். 'தொணதொணங்குது மாமா'ன்னு எதையோ அமுக்கிட்டுப் போயிட்டான்."

மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. செட்டிங்ஸுக்குள் போய் ஒன்றை ஆன் செய்துவிட்டு, பட்டனை அமுக்கி ஒலியைக் குறைத்தான்.

"ஒலி பத்து" என்றது டிவி, பெண் குரலில்.

"இதேதான்! இதேதான்!"

"சார், இது கண்ணு தெரியாதவங்களுக்காக வச்சது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் என்னன்னு வாய்விட்டுச் சொல்லும். இதை நிறுத்தச் சொல்லித்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல." வாத்தியார் ரிமோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "இந்த வீட்டுல நான் ஒண்ணு செஞ்சா, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேற ஆள் இல்ல."

பட்டனை ஒருமுறை அமுக்கினார்.

"ஒலி பதினொன்று."

"சரிம்மா" என்றார்.